மார்சேய் துறைமுகத்தின் தேவாலயங்கள்: கல்லில் எழுதிய நகர வரலாறு

பிரான்சு நாட்டின் தென்கரையில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது மார்சேய். மக்கள்தொகையில் பாரிசுக்கு அடுத்த இரண்டாவது பெரிய நகரம். கி.மு. 600 வாக்கில் இன்றைய துருக்கிக் கரையில் இருந்த ஃபோக்கயா என்ற ஊரிலிருந்து கப்பலேறி வந்த கிரேக்கர்கள் இங்கே குடியேறி 'மசாலியா' என்று பெயரிட்டார்கள். அன்று முதல் இன்று வரை இந்த ஊரின் தொழில் ஒன்றுதான்: கப்பல்.

துறைமுக நகரங்களுக்கு ஒரு குணம் உண்டு. அவை பழையதை அதிகம் சேர்த்து வைப்பதில்லை. வணிகம் பெருகினால் பழைய தெருக்களை இடித்துப் புதிய சாலை போடுவார்கள். மார்சேயும் அப்படித்தான். 2600 ஆண்டு பழமை உள்ள நகரம் என்றாலும் கிரேக்கர் காலத்து, ரோமர் காலத்துக் கட்டிடங்கள் அங்கே மிகக் குறைவு. எஞ்சி நிற்பவற்றில் முக்கியமானவை தேவாலயங்கள். அவையும் 'புனிதமான இடம்' என்பதற்காக மட்டும் தப்பித்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் கோட்டையாக, கிடங்காக, காவல் மேடையாக, அடைப்பு இல்லமாக நகரத்துக்குப் பயன்பட்டிருக்கிறது. பயன்பட்டது நின்றது. பயன்படாததும், ஆட்சியாளர்களின் கோபத்துக்கு ஆளானதும் விழுந்தது. அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது.

முதலில் ஊரின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. 'பழைய துறைமுகம்' என்பது மேற்கே கடலை நோக்கித் திறந்திருக்கும் நீண்ட செவ்வக வடிவக் குடா. அதன் வடகரையில் பனியே என்ற மேட்டுப்பகுதி. கிரேக்கர்கள் முதலில் குடியேறிய இடம் இதுவே. புனித லாரன்ஸ் ஆலயமும் பேராலயமும் இந்தப் பக்கம் இருக்கின்றன. தென்கரையில் புனித விக்டர் மடம். அதற்கும் தெற்கே சுமார் 150 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக்கல் குன்று. அதன் உச்சியில் நகரத்தின் அடையாளமான மாதா கோயில்.

கல்லறைகளின் மேல் எழுந்த மடம்

தென்கரையில் கிரேக்கர் காலத்தில் ஒரு கல்குவாரி இருந்தது. பின்னர் அந்த இடம் இடுகாடானது. கி.பி. 300களின் தொடக்கத்தில் ரோமப் பேரரசு கிறிஸ்தவர்களை வேட்டையாடிய காலத்தில் கொல்லப்பட்ட விக்டர் என்ற படைவீரர் இங்கே அடக்கம் செய்யப்பட்டதாக மரபு சொல்கிறது. எகிப்தியப் பாலைவனத் துறவிகளிடம் பல ஆண்டுகள் பயின்ற ஜான் காசியன் என்பவர் 415 வாக்கில் மார்சேய்க்கு வந்து ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இரண்டு மடங்களை நிறுவினார். கீழைநாட்டுத் துறவு வாழ்க்கை மேற்கு ஐரோப்பாவுக்குள் நுழைந்த வாசல்களில் மார்சேயும் ஒன்று. கப்பலில் சரக்கு மட்டும் வருவதில்லை, சிந்தனையும் வரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கடல் வழியாக ஆபத்தும் வந்தது. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் நடந்த கடற்கொள்ளைத் தாக்குதல்களில் மடம் அழிந்தது. 11ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்து, ஸ்பெயின் முதல் இத்தாலி வரை கிளை மடங்களைக் கொண்ட செல்வாக்கான நிறுவனமாக வளர்ந்தது. பழைய ஆலயம் நிலவறையாகக் கீழே போக, அதன் மேல் 13ஆம் நூற்றாண்டில் புதிய ஆலயம் கட்டப்பட்டது.

14ஆம் நூற்றாண்டில் இந்த மடத்தின் தலைவராக இருந்த கியோம் த கிரிமோர் 1362ல் ஐந்தாம் உர்பான் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். போப்பாண்டவர்கள் ரோமில் இல்லாமல் அவிஞ்ஞோன் நகரில் இருந்த காலம் அது. அவர் தம் பழைய மடத்தை மறக்கவில்லை. சதுரக் கோபுரங்களும், மூன்று மீட்டருக்கும் மேல் தடிமனான சுவர்களும், உச்சியில் அம்பு எய்வதற்கான இடைவெளிகளும் வைத்து அதை ஒரு கோட்டையாகவே மாற்றினார். 1370ல் இறந்த அவருடைய உடல் பின்னர் இந்த மடத்துக்கே கொண்டுவரப்பட்டது. இன்றைக்கும் முதன்முறை பார்ப்பவர்கள் இதை ஆலயம் என்று நினைக்க மாட்டார்கள், கோட்டை என்றுதான் நினைப்பார்கள்.

இங்கே ஆண்டுதோறும் பிப்ரவரி 2ஆம் தேதி மெழுகுவர்த்தித் திருநாள் கொண்டாடப்படுகிறது. நிலவறையில் இருக்கும் கரிய நிற மாதா சிலையை வெளியே எடுத்து வருவார்கள். மக்கள் பச்சை நிற மெழுகுவர்த்தி ஏந்துவார்கள். பக்கத்துத் தெருவில் 1781 முதல் இயங்கும் அடுமனையில் 'நவெத்' என்ற படகு வடிவ பிஸ்கட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஆரஞ்சுப் பூவின் மணம் உள்ள கடினமான பிஸ்கட் அது. திருநாள் பலகாரத்துக்குக்கூடப் படகின் வடிவம்தான்!

ஒரே கூரையின் கீழ் மாதாவும் பீரங்கியும்

மடத்துக்குத் தெற்கே உள்ள குன்று, கடலில் வரும் கப்பல்களைத் தூரத்திலேயே கண்டு நகரத்துக்குச் சொல்லும் காவல் மேடாக இருந்தது. 'லா கார்ட்' என்றாலே 'காவல்' என்றுதான் பொருள். 1214ல் பியேர் என்ற குருவானவர் புனித விக்டர் மடத்திடம் அனுமதி பெற்று அங்கே மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார். புயலில் தப்பிய மாலுமிகள் மலையேறி வந்து நேர்ச்சை செலுத்தும் வழக்கம் மெல்ல வளர்ந்தது.

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவுக்கும் பேரரசர் ஐந்தாம் சார்லசுக்கும் இடையே ஓயாத போர். 1524ல் எதிரிப்படை மார்சேயை முற்றுகையிட்டது. நகரம் தாக்குப்பிடித்தது. ஆனால் அதன் பாதுகாப்பு போதாது என்பது மன்னருக்குப் புரிந்தது. துறைமுகத்துக்கு எதிரே உள்ள இஃப் தீவில் ஒரு கோட்டை எழுந்தது (அலெக்சாந்தர் தூமாவின் 'மான்ட்டி கிறிஸ்டோ' நாவலில் கதாநாயகன் அடைபட்டிருக்கும் சிறை இதுதான்). மற்றொரு கோட்டை இந்தக் குன்றின் மேல் எழுந்தது. சிற்றாலயத்தை இடிக்காமல் அதைச் சுற்றியே கோட்டையைக் கட்டினார்கள்.

விளைவு விசித்திரமானது. சுமார் 3 நூற்றாண்டுகள் இந்தக் குன்றில் படைவீரர்களும் பக்தர்களும் ஒரே வாசலைப் பயன்படுத்தினார்கள். ஆலயத்துக்குப் போக வேண்டுமென்றால் கோட்டையின் தூக்குப்பாலத்தைக் கடந்தாக வேண்டும். ஓர் அரசர் தம் நாட்டைக் காக்கக் கட்டிய இடமும், ஒரு மாலுமியின் மனைவி தன் கணவனைக் காக்கச் சொல்லி மன்றாடிய இடமும் ஒன்றாகவே இருந்தன.

ஊரை நோக்கித் திரும்பிய பீரங்கி

வடகரையில், துறைமுகத்தின் வாய்க்கு அருகில் இருப்பது புனித லாரன்ஸ் ஆலயம். உள்ளூரில் கிடைக்கும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புக்கல்லால் ரோமனெஸ்க் பாணியில் கட்டப்பட்ட எளிய, அலங்காரமில்லாத ஆலயம். இது மீனவர்களின் பங்கு. 12, 13ஆம் நூற்றாண்டுகளிலிருந்து மீனவக் குடும்பங்களின் திருமுழுக்கும் திருமணமும் அடக்கச் சடங்கும் இங்கேதான் நடந்தன.

1660ல் மன்னர் பதினான்காம் லூயி மார்சேய்க்கு வந்தார், விருந்தாளியாக அல்ல. தன் கட்டளைகளுக்கு அடங்க மறுத்த நகரத்துக்குப் பாடம் புகட்ட வந்தார். வாசல் வழியாக வராமல், மதிலில் ஓர் இடத்தை உடைத்து அதன் வழியாக நுழைந்தார். பின்பு துறைமுகத்தின் வாயில் இரு பக்கமும் கோட்டைகள் கட்ட ஆணையிட்டார். தென்கரையில் புனித நிக்கலாஸ் கோட்டை, புனித விக்டர் மடத்துக்குக் கீழே. வடகரையில் புனித ஜான் கோட்டை, புனித லாரன்ஸ் ஆலயத்தின் பக்கத்தில். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கோட்டைகள் கடலை மட்டும் பார்க்கவில்லை, ஊரையும் பார்த்தன. மீனவர்களின் ஆலயம் அன்று முதல் கோட்டையின் நிழலில் நின்றது.

ஏழைகளுக்கு ஒரு மாளிகை, ஏழைகளுக்கு ஒரு சிறை

அதே காலத்தில் பனியே மேட்டில் இன்னொரு கட்டிடம் எழுந்தது. பெயர் 'வியேய் ஷாரித்தே', அதாவது 'பழைய தரும இல்லம்'. பிச்சைக்காரர்களையும் வீடற்றவர்களையும் தெருவிலிருந்து அகற்றி அடைத்து வைப்பது 17ஆம் நூற்றாண்டு பிரான்சின் அரசுக் கொள்கையாக இருந்தது. அதற்காக மார்சேயில் 1671ல் தொடங்கிய வேலை 1749ல்தான் முடிந்தது.

வடிவமைத்தவர் அந்த ஊரிலேயே பிறந்த புகழ்பெற்ற சிற்பி பியேர் புஜே. மூன்று அடுக்கு வளைவுத் தாழ்வாரங்கள் நாற்புறமும் சூழ, நடு முற்றத்தில் முட்டை வடிவக் குவிமாடம் கொண்ட ஒரு சிற்றாலயம். பிரெஞ்சு பரோக் கட்டிடக் கலையின் சிறந்த படைப்புகளில் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது. ஆனால் வெளிப்புறச் சுவர்களில் தெருவைப் பார்த்த சன்னல்கள் கிடையாது. உள்ளே இருப்பவர்களுக்கு வானமும் ஆலயமும் மட்டுமே தெரியும். அழகான கட்டிடம் என்பது உண்மை. விரும்பி வந்தவர்கள் அங்கே இல்லை என்பதும் உண்மை. சிற்றாலயத்தின் முகப்பில் 19ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்ட சிற்பத்தில், கிறிஸ்தவ மரபில் தன்னையே ஈவதன் அடையாளமான கூழைக்கடாப் பறவைகள் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுகின்றன.

1720: கப்பலில் வந்த சாவு

1720 மே 25ஆம் தேதி 'கிராண்ட் சேன் அந்துவான்' என்ற கப்பல் சிரியா, லெபனான் கரைகளிலிருந்து துணிச் சரக்குடன் மார்சேய்க்கு வந்தது. வழியிலேயே கப்பலில் பலர் இறந்திருந்தார்கள். விதிப்படி நீண்ட காலம் தனிமைப்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஜூலையில் போகேர் நகரில் பெரிய வணிகச் சந்தை. சரக்கில் நகரத்தின் முதன்மை நிர்வாகி ஒருவருக்கே பங்கு இருந்தது. விதி தளர்த்தப்பட்டது, துணியோடு பிளேக்கும் ஊருக்குள் வந்தது. சுமார் 90,000 பேர் வாழ்ந்த நகரத்தில் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டார்கள்.

புனித லாரன்ஸ் ஆலயத்துக்கும் பழைய பேராலயத்துக்கும் இடையே கடலோரமாக லா தூரெத் என்ற மேடை உண்டு. அங்கே 1,000க்கும் அதிகமான உடல்கள் வாரக்கணக்கில் வெயிலில் கிடந்தன. தொடுவதற்கு ஆளில்லை. செப்டம்பர் மாதத்தில் ரோஸ் என்ற வீரர், படைவீரர்களையும் கப்பல் துடுப்புக் கைதிகளையும் அழைத்துச் சென்று, அருகிலிருந்த பழைய கொத்தளங்களின் உள்வெற்றிடத்தில் அந்த உடல்களைத் தள்ளி மூடினார். அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அந்த நாட்களில் நகரில் இருந்த மிஷேல் சேர் என்ற ஓவியர் இந்தக் காட்சியை வரைந்திருக்கிறார்.

ஆயர் பெல்சுன்ஸ் ஊரை விட்டு ஓடாமல் நோயாளிகளிடையே நடமாடினார். நவம்பர் 1ஆம் தேதி நகரத்தை இயேசுவின் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்தார். 1722ல் நோய் மறுபடி தலைகாட்டியபோது நகர நிர்வாகிகள், ஆண்டுதோறும் திருப்பலியில் கலந்துகொண்டு மெழுகுவர்த்தி செலுத்துவதாக நேர்ந்துகொண்டார்கள். பின்னாளில் இந்தப் பொறுப்பை மார்சேயின் வணிகச் சபை ஏற்றுக்கொண்டது. வணிகத்தின் அவசரத்தால் வந்த நோய்க்கு வணிகர்களே நேர்ச்சை செலுத்துவது எவ்வளவு பொருத்தம்! பிளேக் நடந்து 200 ஆண்டு நிறைவில், 1920ல், பிராதோ சாலையில் திரு இருதயப் பேராலயம் நினைவாகத் தொடங்கப்பட்டு 1947ல் நிறைவடைந்தது.

புரட்சி: பெயரில்லாத நகரம்

பிரெஞ்சுப் புரட்சியை மார்சேய் முதலில் ஆர்வத்தோடு வரவேற்றது. பிரான்சின் தேசிய கீதத்துக்கு 'மார்சேயேஸ்' என்ற பெயர் வந்ததே, அதைப் பாடிக்கொண்டு பாரிசுக்கு நடந்து சென்ற இந்த ஊர்த் தொண்டர்களால்தான். ஆனால் 1793ல் பாரிசின் மைய ஆட்சிக்கு எதிராக நகரம் கிளர்ந்தெழுந்தது. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் தண்டனை கடுமையாக இருந்தது. சில காலம் மார்சேயின் பெயரையே நீக்கி 'பெயரில்லாத நகரம்' என்று அழைத்தார்கள்.

கிளர்ச்சிக்காரர்கள் கூடிய கட்டிடங்களை இடிக்க ஆணை வந்தது. அன்று ஊர்க் கூட்டங்கள் பெரும்பாலும் தேவாலயங்களில்தான் நடக்கும். பனியே மேட்டின் சரிவில் இருந்த அக்கூல் மாதா ஆலயம் இந்தக் காரணத்துக்காக 1794ல் இடிக்கப்பட்டது. இன்று அதன் பழைய மணிக்கோபுரம் மட்டும், ஆலயம் இல்லாமல் தனியாக நிற்கிறது. பழைய புனித ஃபெரயோல் ஆலயமும் அப்போதே தரைமட்டமானது. பின்னர் துறைமுகக் கரையில் இருந்த அகுஸ்தீன் துறவியரின் ஆலயத்துக்கு 1803ல் அந்தப் பெயர் மாற்றி வைக்கப்பட்டது.

புனித விக்டர் மடம் எப்படித் தப்பியது? பொன்னும் வெள்ளியும் நாணயம் அடிக்க உருக்கப்பட்டன, புனிதர்களின் எலும்புகள் எரிக்கப்பட்டன, துறவியர் வாழ்ந்த கட்டிடங்கள் இடிக்கப்பட்டன. ஆனால் ஆலயத்தின் சுவர்கள் தடிமனானவை. வைக்கோல் சேமிக்கவும், கைதிகளை அடைக்கவும் தோதானவை. அதனால் அதை விட்டுவைத்தார்கள். போர்க்காலத்தில் ஒரு போப்பாண்டவர் எழுப்பிய கோட்டைச் சுவர், 400 ஆண்டுகள் கழித்து அந்த ஆலயத்தை வேறு விதத்தில் காப்பாற்றியது.

குன்றின் மேலிருந்த மாதா ஆலயமும் இடிபடவில்லை. அது கோட்டைக்குள் இருந்தது, கோட்டை படைக்குத் தேவை. ஆனால் ஆலயம் மூடப்பட்டது, வெள்ளி மாதா சிலை உருக்கப்பட்டது. 1807ல்தான் மீண்டும் கதவு திறந்தது.

19ஆம் நூற்றாண்டு: புதியதற்காகப் பழையது

1830ல் பிரான்சு அல்ஜீரியாவைக் கைப்பற்றத் தொடங்கியது. மார்சேய் அதன் வாசலானது. பழைய துறைமுகம் போதாமல் வடக்கே லா ஜோலியெத் என்ற புதிய துறைமுகம் கட்டப்பட்டது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஆசியாவுக்குப் போகும் பிரெஞ்சுக் கப்பல்களும் இங்கிருந்தே புறப்பட்டன. பணம் கொழித்தது. மூன்று பெரிய ஆலயங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தன: பேராலயம், குன்றின் மாதா கோயில், கனபியேர் சாலையின் மேல்கோடியில் புனித வின்சென்ட் தே பால் ஆலயம். மூன்றாவது, இரட்டைக் கூர்முனைக் கோபுரங்கள் கொண்ட புதுக்கோதிக் ஆலயம். மக்கள் இதை 'ரெஃபோர்மே' என்பார்கள். 'சீர்திருத்தம் பெற்றவர்கள்' என்று பொருள். ஆனால் இது புராட்டஸ்டன்ட் ஆலயம் அல்ல, அங்கே முன்பு இருந்த சீர்திருத்த அகுஸ்தீன் துறவியரின் மடத்தால் வந்த பெயர்.

பேராலயத்துக்கு 'லா மஜோர்' என்று பெயர். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய பேராலயம் அங்கே ஏற்கனவே இருந்தது. 1852 செப்டம்பர் 26ல், விரைவில் பேரரசராகவிருந்த லூயி நெப்போலியன் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். லெயோன் வொதுவாயே என்ற கட்டிடக் கலைஞர் வரைந்த திட்டம் பைசாந்தியப் பாணியில் அமைந்தது. பச்சையும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் கல்வரிகள், பெரிய குவிமாடங்கள். கிழக்கிலிருந்து வரும் கப்பல்கள் முதலில் பார்ப்பது இதுவாக இருக்க வேண்டும், கிழக்கும் மேற்கும் சந்திக்கும் இடம் மார்சேய் என்று அது சொல்ல வேண்டும் என்பதே நோக்கம். அதனால் ஆலயத்தின் முகப்பு ஊரைவிடப் புதிய துறைமுகத்துக்கே நெருக்கமாக அமைந்தது.

இதற்குக் கொடுத்த விலை பெரியது. பழைய பேராலயத்தை முழுவதுமாக இடிப்பதுதான் திட்டம். எதிர்ப்புக் கிளம்பியதால் பாதியில் நிறுத்தினார்கள். பீடப்பகுதியும் நடுக்கூடத்தின் ஒரு துண்டும் மட்டும் மிஞ்சின. அந்தத் துண்டுக்குள் பிரான்செஸ்கோ லவுரானா என்ற சிற்பி 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கிய புனித லாசர் பீடம் இருக்கிறது. பிரான்சில் இத்தாலிய மறுமலர்ச்சிக் கலையின் முதல் வரவுகளில் அதுவும் ஒன்று. எதிர்ப்பு எழாமல் இருந்திருந்தால் அதன் இடமும் இல்லாமல் போயிருக்கும். புதிய ஆலயத்துக்குத் தோண்டும்போது 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பெரிய திருமுழுக்குக் கூடம் ஒன்றும் வெளிப்பட்டது. அது மறுபடி புதிய கட்டிடத்தின் அடியில் மறைந்தது.

வொதுவாயே 1872ல் இறந்தார். அவரைத் தொடர்ந்த எஸ்பெராந்தியூ 1874ல் இறந்தார். ஹென்றி ரெவுவால் 1893ல் முடித்தார். சுமார் 140 மீட்டர் நீளம், 70 மீட்டர் உயரக் குவிமாடம், 3,000 பேர் அமரும் இடம். அடிக்கல் நாட்டியவரின் பேரரசே 1870ல் மறைந்துவிட்டது. ஆலயம் முடியும்போது ஆண்டது குடியரசு.

குன்றின் மாதா கோயிலின் கதை வேறு. இங்கே பழைய சிற்றாலயம் மாலுமிகளின் கூட்டத்துக்குப் போதாமல் போயிற்று. இடம் படைக்குச் சொந்தம் என்பதால் போர் அமைச்சகத்தின் சம்மதம் வேண்டியிருந்தது. அது கிடைத்ததும் 1853ல் ஆயர் யூஜின் த மஸெனோ அடிக்கல் நாட்டினார். திட்டம் வரைந்த எஸ்பெராந்தியூவுக்கு அப்போது 24 வயது, அவர் புராட்டஸ்டன்ட்! கத்தோலிக்கரின் மிகப் பெரிய மாதா கோயில்களில் ஒன்றை ஒரு புராட்டஸ்டன்ட் இளைஞரிடம் ஒப்படைத்தது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் அல்ல. 1864ல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. 1870ல் மணிக்கோபுரத்தின் மேல் லெகேன் என்ற சிற்பி உருவாக்கிய, 11.2 மீட்டர் உயரமுள்ள, பொன்தகடு போர்த்திய செப்பு மாதா சிலை ஏறியது. கையில் குழந்தை இயேசு. மார்சேய் மக்கள் இந்த மாதாவை 'நல்ல தாய்' என்று மட்டுமே சொல்வார்கள்.

ஆயர் மஸெனோவைப் பற்றி ஒரு வார்த்தை. அமலமரித் தியாகிகள் சபையை நிறுவியவர் இவரே. 1847ல் இவர் அனுப்பிய குருக்கள் இலங்கைக்கு வந்தார்கள். யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் வளர்ச்சியும், மடு மாதா திருத்தலத்தின் வளர்ச்சியும் அந்தச் சபையோடு பிணைந்தவை. மார்சேய்த் துறைமுகத்துக்கும் தமிழர்களுக்கும் இப்படியும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1995ல் புனிதராக அறிவிக்கப்பட்ட அவருடைய கல்லறை லா மஜோர் பேராலயத்தில் உள்ளது.

வந்தவர்கள் கட்டிய ஆலயங்கள்

துறைமுகத்துக்கு வந்து இறங்கியவர்களும் தங்கள் வழிபாட்டைக் கூடவே கொண்டுவந்தார்கள். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பு தோற்றபின், படையோடு சேர்ந்து வந்த கீழை நாட்டுக் கத்தோலிக்கர்கள் 1821ல் மீரா நகர் புனித நிக்கலாஸ் ஆலயத்தைக் கட்டினார்கள். கிரேக்க வணிகர்கள் 1830களிலும் 40களிலும் தங்கள் ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தை எழுப்பினார்கள். 1915ல் தொடங்கிய படுகொலையிலிருந்து தப்பி வந்த ஆர்மீனியர்கள் 1920களில் ஆயிரக்கணக்கில் இங்கே கரையேறினார்கள். முதலில் முகாம்களில் தங்கியவர்கள், பத்து ஆண்டுகளுக்குள் பிராதோ சாலையில் சொந்தப் பேராலயம் கட்டிவிட்டார்கள். வீடு நிலைக்கும் முன்பே ஆலயம் நிலைத்தது என்று சொல்லலாம்.

1943: ஆலயம் நின்றது, மக்கள் இல்லை

இரண்டாம் உலகப் போரில் 1942 நவம்பரில் ஜெர்மானியப் படை மார்சேய்க்குள் நுழைந்தது. பழைய துறைமுகத்தின் வடகரையில் இருந்த குறுகிய தெருக்கள், தேடப்படுபவர்களின் மறைவிடம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 1943 ஜனவரியில் ஜெர்மானியரும் பிரெஞ்சுப் போலீசாரும் சேர்ந்து அந்தப் பகுதியைச் சுற்றி வளைத்தார்கள். சுமார் 20,000 பேர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நகரெங்கும் நடந்த சோதனையில் பிடிபட்ட ஏறத்தாழ 800 யூதர்கள் சோபிபோர் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பிப்ரவரியில் வெடிவைத்து சுமார் 1,500 கட்டிடங்களைத் தகர்த்தார்கள். 14 ஹெக்டேர் நிலம் கற்குவியலானது.

அந்தக் குவியலின் விளிம்பில் புனித லாரன்ஸ் ஆலயம் சேதத்தோடு நின்றது. அதன் பங்கு மக்களான மீனவர்களும், நேப்பிள்ஸ் பக்கமிருந்து வந்து குடியேறிய இத்தாலியர்களும் வாழ்ந்த வீடுகள் இல்லை. 700 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் குடும்பங்களுக்காக மணி அடித்த ஆலயம், கேட்பவர் இல்லாமல் நின்றது. பழமைச் சின்னங்களைக் காப்பாற்றினோம் என்று பெருமை பேசும்போது இதையும் நினைக்க வேண்டும். கல் தப்பித்தது, மனிதர்கள் தப்பவில்லை.

அடுத்த ஆண்டு விடுதலை வந்தது. 1944 ஆகஸ்ட் 25ஆம் தேதி குன்றின் மாதா கோயிலை ஜெர்மானியரிடமிருந்து மீட்கப் போர் நடந்தது. மலையேறிய படையில் முன்னணியில் இருந்தவர்கள் அல்ஜீரியத் துப்பாக்கி வீரர்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். வழியில் குண்டடிபட்ட 'ஜான் தார்க்' என்ற டாங்கி இன்றும் குன்றின் சரிவில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஆலயச் சுவரில் குண்டுகள் துளைத்த வடுக்கள் இருக்கின்றன. மன்னர் கட்டிய கோட்டை கடைசியாகப் போர் பார்த்தது அன்றுதான்.

இன்றைய நிலை

வியேய் ஷாரித்தே 20ஆம் நூற்றாண்டில் படைமுகாமாகவும், பின்னர் போக்கிடமில்லாத ஏழைக் குடும்பங்களின் இருப்பிடமாகவும் இருந்து பாழடைந்தது. புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் லெ கொர்பூசியே அதன் அருமையை எடுத்துச் சொன்னார். 1951ல் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. 1986ல் புதுப்பிப்பு முடிந்து இன்று அருங்காட்சியகமாக இயங்குகிறது. லா மஜோரின் அடியிலிருந்த பழைய கிடங்கு வளைவுகள் கடைகளாகிவிட்டன. மாதா கோயில் 2001 முதல் 2008 வரை பெரிய அளவில் செப்பனிடப்பட்டது. காற்று மாசும் மெழுகுவர்த்திப் புகையும் அதன் பச்சைக் கற்களை அரித்துவிட்டிருந்தன.

அந்தக் கோயிலுக்குள் நுழைந்தால் கூரையிலிருந்து தொங்கும் சிறு கப்பல் பொம்மைகளைப் பார்க்கலாம். சுவரெங்கும் புயல், தீ, கப்பற்சேதக் காட்சிகளின் ஓவியங்கள். எல்லாம் பிழைத்து வந்தவர்கள் கொடுத்த நேர்ச்சை. பிழைக்காதவர்களுக்கு அங்கே ஓவியம் இல்லை. அவர்களுக்காக ஆலயத்துக்கு வெளியே கடலைப் பார்த்தபடி ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 22ஆம் தேதி போப்பாண்டவர் பிரான்சிஸ் பல மதத் தலைவர்களோடு அதன் முன் நின்று, கடலில் மாண்ட மாலுமிகளுக்காகவும் ஐரோப்பாவைத் தேடி வந்து மத்தியதரைக் கடலில் மூழ்கிய அகதிகளுக்காகவும் செபித்தார்.

காசியனும், கிரேக்க வணிகரும், ஆர்மீனிய அகதியும், அல்ஜீரிய வீரரும் வந்த அதே கடல்தான் அது. மார்சேயின் ஆலயங்கள் கோட்டையாக, கிடங்காக, சிறையாக மாறி மாறித் தப்பித்தன. இடிக்கப்பட்ட அக்கூலும், பாதியாய் நிற்கும் பழைய லா மஜோரும், வீடுகள் இழந்த புனித லாரன்சும் எது காப்பாற்றப்படவில்லை என்பதைச் சொல்கின்றன. ஒரு நகரத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள நிற்கும் கட்டிடங்களைப் பார்ப்பது பாதி வேலை. அதன் பக்கத்தில் எது இருந்தது, யார் இருந்தார்கள் என்று கேட்பதே மீதி வேலை.